குண்டு நிற்கும் இடம்

ஒரு துப்பாக்கி சுடுதளத்தில் ஒரு நாள் முழுவதும் இருந்தேன் என்று சென்ற வாரம் இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி, எத்தனை முறை சுட்டீர்கள் என்பது. மீதி, பயிர்ச்சேதம் பற்றி ஆய்வு செய்பவளுக்கு அங்கே என்ன வேலை என்பது. முதல் கேள்விக்கு விடை எளிது: காற்றுத் துப்பாக்கியால் இருபது முறை. இரண்டாவதற்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் ஆய்வுக்களம் இரண்டு துண்டுகளாகக் கிடக்கிறது. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி எனத் தமிழ் பேசும் சமவெளி ஊர்கள். மற்றொன்று இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை வட்டங்களில் தேனியை நோக்கிச் சரியும் ஏலமலைப் பகுதி. நடுவே ஆனைமலைத் தொடர் நிற்கிறது. இரண்டுக்கும் பொதுவானவை தமிழகத்து எல்லை, தமிழ், காட்டுப்பன்றி.

பன்றியைத் தீங்குயிரி என அறிவிக்கும்படி கேரள அரசு பலமுறை கேட்டும் ஒன்றிய அரசு இசையவில்லை. எனவே 2022 மே மாதம் கேரள அமைச்சரவை வேறொரு வழியைக் கண்டது. ஊராட்சி, நகராட்சித் தலைவர்களைக் கௌரவ வனவுயிர்க் காப்பாளர்களாக்கி, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை அவர்களிடம் கொடுத்தது. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரே சுட வேண்டும். இந்தத் தடைகள் ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் எண்ண வேண்டாம். 2020இல் மண்ணார்க்காடு அருகே வெடி வைத்த தீனியைக் கடித்த கருவுற்ற யானை வெள்ளியாற்று நீரில் நின்றபடியே இறந்ததை நாடே பார்த்தது. அமைச்சரவை முடிவெடுத்த அதே மே மாதத்தில் பாலக்காடு முட்டிக்குளங்கரை காவலர் முகாமை ஒட்டிய வயலில், பன்றிக்கு வைத்த மின்பொறியில் சிக்கிக் காவலர் இருவர் இறந்தனர். 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் மேலும் இரண்டு இளைஞர்கள் அதே விதமாக மாண்டனர். இவற்றோடு ஒப்பிட்டால் துப்பாக்கி நேர்மையான கருவி. அதன் பின்னால் ஒரு மனிதன் விழித்துக்கொண்டு நிற்கிறான் அல்லவா?

அந்த மனிதன் எதைக் கற்று வந்து அங்கே நிற்கிறான் என்பதைப் பார்க்கத்தான் சுடுதளத்திற்குப் போனேன். இரண்டு ஆண்டுகளாகத் துப்பாக்கிக்காரர்களிடம் நேர்காணல் எடுத்து வருகிறேன். அவர்கள் பேச்சில் பன்றியின் எடையும் தோட்டாவின் விலையும் தவறாமல் வரும். பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் “அதெல்லாம் பழக்கந்தானுங்க அம்மிணி” என்பதோடு முடிந்துவிடும். அந்தப் பழக்கத்தைச் சொல்சொல்லாகப் பிரித்துக் கற்பிக்கும் இடம் ஒன்றுண்டு என்று என் தகவலாளர்களில் ஒருவரான வடகரப்பதிக்காரர்தான் சொன்னார். அவரை அண்ணா என்றே அழைப்பேன். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவருடைய 12 போர் இரட்டைக்குழல், தந்தை வழியாக வந்தது. உரிமமும் அப்படியே. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் புதிதாக உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. நான் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு வெகுகாலம் முன்பே துப்பாக்கி ஏந்தியவர்கள்.

தளம் இடுக்கி மலையின் மேற்கு அடிவாரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு இடையே இருந்தது. முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்புக் கொடி. அது ஏறியிருந்தால் உள்ளே சுடுகிறார்கள் என்று பொருள். தகரக் கூரையிட்ட நீண்ட திண்ணை, அதன் விளிம்பிலிருந்து ஓர் எட்டு உள்ளே சிமெண்டுத் தரையில் மஞ்சள் கோடு, எதிரே 50 மீட்டர் புல்வெளி, அதன் முடிவில் இலக்குச் சட்டங்கள், சட்டங்களுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்திற்கு மேல் குவித்த மண்மேடு. மேட்டுக்கும் பின்னால் இயற்கையாகவே எழும் மலைச்சரிவு.

பொறுப்பாளர் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர். எல்லாரும் சார் என்றார்கள். துப்பாக்கிகளைக் காட்டுவார் என்று காத்திருந்த எங்கள் எட்டுப் பேரையும் அவர் எதிர்த்திசையில் நடத்திச் சென்றார். கொடியை இறக்கி, திண்ணையில் எவரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, மண்மேட்டின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். மேட்டு மண்ணைக் கையில் அள்ளச் சொன்னார். சலித்த மண். ஒரு கூழாங்கல்கூட இல்லை.

“கல் இருந்தால் குண்டு தெறிக்கும். தெறித்த குண்டுக்கு யார் சொன்னாலும் கேட்காது” என்றார். ஒவ்வொரு மழைக்காலத்திற்குப் பிறகும் மேடு கரைந்து உள்ளேயிருந்து கல் எழும்புமாம். துலாம் மாதத்து இடிமழைக்குள் அதைப் பொறுக்கி, மேட்டை மீண்டும் உயர்த்த வேண்டும். இடுக்கியின் மழையைத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலையின் அளவு விளங்கும். பிறகு திண்ணையை நோக்கித் திரும்பி நிற்கச் சொன்னார். குழல் இருக்கப்போகும் பக்கத்தைக் குண்டு வரும் பக்கத்திலிருந்து பார்த்தபடி சில நொடிகள் நின்றோம். அந்த நாளில் கற்பிக்கப்பட்டதிலேயே சிறந்த பாடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குச் சொற்கள் தேவைப்படவில்லை.

விதிகள் அதன் பிறகுதான் வந்தன. உலகெங்கும் சுடுதளங்களில் சொல்லப்படும் நான்கு விதிகள். அவற்றை இன்றைய வடிவில் பரப்பியவர் ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கக் கடற்படைக் காலாள் வீரர். எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியது என்றே கொள்க. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்வாயைத் திருப்பாதே. குறி இலக்கில் படியும்வரை விரல் விசையைத் தொடலாகாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்பதை அறிந்துகொள். சார் நான்காவது விதியைச் சொல்லும்போது மட்டும் மண்மேட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

முதல் விதி தருக்கத்திற்கு முரணானது என்று தத்துவத் துறை நண்பர் ஒருவர் பின்னர் வாதாடினார். அறையைத் திறந்து, வெறுமையைக் கண்ணால் கண்டு, விரலால் தடவிய பின்னும் நிரம்பியதாகக் கொள் என்றால், கண்டறிந்ததை நம்பாதே என்றுதானே பொருள்? ஆம், அதுதான் பொருள். துப்பாக்கி விபத்துகளைப் பற்றிய செய்திகளில் வெறும் துப்பாக்கி என்று எண்ணினேன் என்ற சொற்றொடர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், இந்த முரண் எதற்காக என்பது புரியும். அறிவு சரியாக இருக்கும் 999 முறைக்காக இந்த விதி எழுதப்படவில்லை.

எனக்கு அதைவிடச் சுவையாக இருந்தது துப்பாக்கியைக் கைமாற்றும் முறை. கொடுப்பவர் போல்ட்டை இழுத்து அறையைத் திறந்து, பார்த்து, குழலை மேட்டுப் பக்கமே வைத்தபடி நீட்டுகிறார். வாங்குபவர் அதே அறையை மறுபடியும் பார்க்கிறார். இரண்டு நொடி முன்பு அவர் கண்ணெதிரிலேயே பார்க்கப்பட்ட அறை அது. நம் ஊர் வழக்கத்தில் பெரியவர் கையால் கொடுக்கும் பணத்தை அவர் எதிரிலேயே எண்ணுவது மரியாதைக் குறைவு. இங்கே எண்ணாமல் வாங்குவதுதான் மரியாதைக் குறைவு. என் முறை வந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய ஏலத்தோட்டக்காரர் ஒருவர் காற்றுத் துப்பாக்கியை நீட்டினார். நான் குனிந்து பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைக் கவனித்தேன். அந்த ஆயுதமோ 20 ஜூலுக்குள் அடங்குவதால் உரிமம்கூடத் தேவைப்படாதது. ஆனால் சடங்கில் சலுகை கிடையாது.

சுடும்போது பேச்சில்லை. லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட் என்ற நான்கு ஆங்கிலச் சொற்கள் மலையாள நாவில் உருண்டு வரும், அவ்வளவே. நிறுத்தச் சொன்னதும் ஒவ்வொருவரும் தோட்டாவை நீக்கி, போல்ட்டைத் திறந்து வைத்து, அறைக்குள் ஆரஞ்சு நிற நெகிழிக் கொடி ஒன்றைச் செருகி, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். இலக்குத் தாளை மாற்ற யாராவது முன்னே போயிருக்கும்போது துப்பாக்கியைத் தொடுவது, குனிந்து பார்ப்பது, அதன்மேல் படிந்த தூசியைத் துடைப்பதுகூடக் குற்றம். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருக்க வேண்டும்; மருந்து தாமதமாகப் பற்றுவதுண்டு. 30 நொடி இவ்வளவு நீளமானதா என்று வியந்தேன். சுட்டு முடித்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடவும் விடவில்லை. குண்டு ஈயம், அதன் துகள் விரலில் ஒட்டியிருக்கும். காதடைப்பானைக் கழற்றிவிட்டுச் சுடுவேன் என்று வீரம் பேசிய ஒருவரிடம், 12 போர் ஓசை 150 டெசிபெல்லைத் தாண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார் சார்.

நண்பகலுக்குச் சற்று முன் ஒரு நிகழ்ச்சி. வலது ஓரத்தில் இலக்குத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி (மாவட்ட அளவில் சுடுபவளாம்) திடீரென்று “ஸ்டாப்!” என்று கத்தினாள். எல்லாத் துப்பாக்கியும் ஓய்ந்தது. ஏலத்தோட்டக்காரர், ஒரு மருத்துவர், வங்கி அதிகாரி, அண்ணா என அனைவரும் போல்ட்டைத் திறந்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வந்தார்கள். என்ன என்று ஒருவரும் முதலில் கேட்கவில்லை. நின்ற பிறகுதான் கேட்டார்கள். மேட்டின் இடது முனையில் ஓர் ஆடு. அது தானாகவே போய்விட்டது; ஆடு இருந்தால் அதை மேய்ப்பவரும் இருக்கலாம் என்று ஓர் ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு வந்தபின், கால் மணி நேரம் கழித்தே மீண்டும் தொடங்கினார்கள். “நன்னாயி மோளே” என்றார் சார். அவ்வளவுதான் பாராட்டு.

நிறுத்து என்று சொல்லும் உரிமை அங்கே எல்லாருக்கும் உண்டு. தேநீர் கொண்டுவரும் பையனுக்கும் உண்டு. தொடங்கு என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டும். மலைத்தோட்டங்களின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது சாதாரணச் செய்தியாகத் தோன்றாது. 1975இல் சரணாலயமாகி 1978இல் தேசியப் பூங்காவான இரவிகுளம், அதற்கு முன் தேயிலைத் துரைமார்களின் வேட்டைநிலம். வரையாட்டைக் காத்ததில் அவர்களுடைய வேட்டைக் கழகத்திற்குப் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது. அந்த வேட்டையில் துப்பாக்கிக்கு முன்னால் வழிகாட்டி நடந்தவர்கள் முதுவர்கள். அவர்களில் ஒருவர் துரையைப் பார்த்து நிறுத்து என்று கத்தியிருப்பாரா என்று யோசித்தபடி உணவு உண்டேன்.

இனி, நான் உண்மையில் எழுத வந்ததற்கு வருகிறேன்.

50 மீட்டர் ரைபிள் இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு. பார்வையாளர்களின் வியப்பெல்லாம் அந்தப் பொத்தானுக்கே போகிறது. ஆனால் அதே .22 ரைபிளின் குண்டு, தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். தளத்தில் வெடிமருந்தால் செலுத்தப்படுபவற்றிலேயே சிறிய குண்டு அது. சுடுபவன் திறமையாலோ திறமையின்மையாலோ தீர்மானிக்கப்படுவது முதல் 50 மீட்டர். மீதித் தொலைவு முழுவதையும் அந்த மண்மேடு விழுங்கிக்கொள்கிறது. மேடு ஒரு நாளும் இல்லாமல் போனால்? புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருப்போம். 2021 டிசம்பர் 30 அன்று அங்குள்ள சுடுதளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, தளத்திற்கு வெளியே வெகு தொலைவில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. நான்கு நாள் கழித்து, ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அவனுக்கு அந்தக் களத்தின் எந்த விதியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதிகள் அவனுக்காக இருந்தவை.

சுடுதளத்தின் நான்காவது விதியைச் சுடுபவர் சார்பில் மேடு நிறைவேற்றிவிடுகிறது. அதனாலேயே அவர் அதை மறக்க நேர்கிறது. பின்னால் என்ன என்ற கேள்விக்கு விடை ஆண்டு முழுவதும் ஒன்றே: மண். ஆயிரம் முறை சரியான விடை கிடைத்தபின் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிடுவது மனித இயல்பு. இப்போது அதே மனிதரை இரவு பதினொரு மணிக்குக் கொழிஞ்சாம்பாறையின் தென்னந்தோப்பில் நிறுத்துங்கள். தட்டையான நிலம். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னுகின்றன. கண்களுக்குப் பின்னால் தென்னை, அதற்குப் பின்னால் இருட்டு, இருட்டுக்குள் களத்துமேடு இருக்கலாம், தண்ணீர் பாய்ச்ச வந்தவர் இருக்கலாம், கள் இறக்குபவரின் குடிசை இருக்கலாம். எல்.ஜி. தோட்டாவில் ஆறு பெரிய உருண்டைகள் இருக்கும். பன்றியில் தைப்பவை இரண்டோ மூன்றோ என்றால், மற்றவற்றுக்கு இடம் தேடித் தருவது யார்?

கண்கள் என்றேன், அதிலும் ஐயம் வேண்டும். 2022இன் நடுவில் மூணாறு அருகே போதமேட்டில், இரவில் வேட்டைக்குச் சென்ற குழுவில் இருந்த பழங்குடி இளைஞர் ஒருவர் தம் கூட்டாளிகளின் குண்டுக்கே பலியாகி, காட்டிலேயே புதைக்கப்பட்டார். விலங்கு என்று நினைத்துச் சுட்டதாக அவர்கள் சொன்னதாகச் செய்தி வந்தது. அது சட்டத்திற்குப் புறம்பான வேட்டை, கையில் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. ஊராட்சியின் ஆணையோடு செல்பவரை அவர்களோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்று அண்ணா கோபித்துக்கொண்டார். நியாயமில்லைதான். ஆனால் இருட்டு இருவருக்கும் ஒன்றே.

இந்த இடத்தில் ஏலமலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். உடும்பஞ்சோலையில் துப்பாக்கிக்காரர்கள் சரிவை நோக்கியே சுடுகிறார்கள், எதிர்மலையே மேடாகிவிடுகிறது. சமவெளியில் அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்கு ஈடாக அங்கே பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது: பரண். தினைப்புனம் காத்த காலத்திலிருந்து நம்மிடம் இருப்பது. கவணும் தட்டையும் போய்த் துப்பாக்கி வந்தபோது பரணின் பயன் மாறிவிட்டது என்பதை இந்த ஆய்வில்தான் உணர்ந்தேன். உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால், தவறிய குண்டு சில அடிக்குள் மண்ணில் புதைந்துவிடும். பன்னிரண்டு அடி உயரப் பரண், மண்மேடு செய்யும் வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. இன்று பரண் கட்ட ஆளுமில்லை, நேரமுமில்லை. ஜீப்பிலோ இருசக்கர வண்டியிலோ வருகிறார்கள். தரையில் நின்று, தரைக்கு இணையாகச் சுடுகிறார்கள்.

இதில் ஊதிய முறைக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. இதை ஆய்வேட்டிலும் எழுதப்போகிறேன். மதிப்பூதியம் கொல்லப்பட்ட பன்றிக்கு உரியது. ஓர் ஊராட்சி அலுவலகத்தில் எனக்குப் பதிவேட்டைக் காட்டினார்கள். நாள், இடம், சுட்டவர், எண்ணிக்கை, புதைத்த இடம் என்று பத்திகள் இருந்தன. நான்கு இரவு விழித்திருந்து, நான்கு இரவும் பின்னால் விளக்கு தெரிந்ததால் சுடாமல் திரும்பியவருக்கு அந்த ஏட்டில் ஒரு வரியும் இல்லை. எரிபொருள் அவருடையது, தூக்கம் அவருடையது, விவசாயியின் ஏச்சும் அவருக்கே. ஆணையில் பரணுக்கு ஒரு தொகை, சுடாத இரவுக்கு ஒரு சிறு படி, ஆண்டுக்கு ஒருமுறையாவது சுடுதளத்தில் ஒரு நாள் என்று சேர்த்தால் என்ன செலவாகிவிடும்? ஆயுத எதிர்ப்பாளர்களான நண்பர்கள், இது துப்பாக்கியை இயல்பாக்கும் செயல் என்பார்கள். தோப்பில் அது ஏற்கெனவே இயல்பாகிவிட்டது. சுடுதளத்தின் நாகரிகம் மட்டுமே அதனோடு தோப்புக்குப் போகவில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் அண்ணாவிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. சாலக்குடி தாண்டிய பிறகு, “போன மாசம் ஒரு ராத்திரி சுடாமத் திரும்பினேனுங்க அம்மிணி” என்று தொடங்கினார். மரவள்ளிக் கொல்லையில் ஆறு பன்றி. விளக்கடிக்கும் தூரத்தில் பெரியது ஒன்று பக்கவாட்டில் நின்றது. அதற்கு நேர் பின்னால், எவ்வளவு தொலைவென்று கணிக்க முடியாத இடத்தில், ஒரு பீடியின் கங்கு ஏறி இறங்கியதாம். துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை எடுத்துவிட்டார். கொல்லைக்காரர் அன்று பேசிய பேச்சை என்னிடம் திருப்பிச் சொல்ல மறுத்துவிட்டார். விடிந்து பார்த்தபோது பாதிக் கொல்லை உழுது போட்டதுபோல் கிடந்தது என்பதை மட்டும் சொன்னார். அவருக்கு அதுதான் ஆண்டு வருமானம்.

“அப்புறம் என்ன செய்தீர்கள்?” என்றேன்.

மறுவாரம் பகலிலேயே போய், கொல்லைக்காரரையும் கூட்டிக்கொண்டு நிலத்தைச் சுற்றிப் பார்த்தாராம். கிழக்கே வாய்க்கால் கரை ஆள் உயரத்திற்கு மண்ணாகவே நிற்கிறது. வேலியில் அந்தப் பக்கம் மட்டும் திறப்பு வைத்து, கரைக்கு முன்னால் அழுகிய மரவள்ளியும் பலாக்கொட்டையும் போட்டு வைத்தார்கள். பன்றி வர ஒன்பது நாள் ஆனது. பத்தாவது நாள் காலையில் கரையில் போய்த் தோண்டி, தைக்காமல் போன மூன்று உருண்டைகளையும் எடுத்து வந்திருக்கிறார். சட்டைப்பையிலிருந்து அவற்றை எடுத்துக் காட்டினார். தொட்டுப் பார்த்தேன். நசுங்கியிருந்தன. “கை கழுவிட்டுச் சாப்பிடுங்க” என்றார்.